கறி வெந்த ஞாயிற்றுக்கிழமை

ஆறு நாளாகிவிட்டது. அடுப்படித் திரைச்சீலையில் அந்த வாடை இன்னும் போகவில்லை. மூன்று முறை துவைத்தேன். எலுமிச்சைத் தோலைக் கொதிக்க விட்டுப் பார்த்தேன். இந்த மலையூர் கம்போங் ராஜாவின் குளிரில் துணியும் சீக்கிரம் காய்வதில்லை, வாடையும் சீக்கிரம் கலைவதில்லை. மிளகும் சோம்பும் சோயாக் கிச்சாப்பும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்த வாடை. உனக்குத் தெரியாததா? உன்னைத் தோட்டத்து லயத்திலிருந்து கடைசியாகத் தூக்கியபோது உன் தலைமுடியில் இருந்ததும் அதேதான்.

இருபத்திரண்டு வருடமாக உன்னோடு மனதுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றும் அதில் வெளியே வந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கவிதா நன்றாக இருக்கிறாள். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், சொந்தமாகக் காடி ஓட்டுகிறாள். உன் உயரம், உன் பல்வரிசை. என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நீ போன நாலாம் மாதம், கிளந்தானுக்கு மரம் வெட்டப் போகிறேன் என்று சொல்லி உன் புருஷன் மணியம் அவளைப் பக்கத்து வீட்டிலிருந்த என் வாசலில் விட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் முகத்தையே காட்டவில்லை. அவளுக்கு ஆறு வயது. எனக்குப் பிள்ளையில்லை. வளர்த்தேன். அம்மா எப்படிச் செத்தாங்க என்று அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும், லயத்தில் எல்லோரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அடுப்படியில் வழுக்கி விழுந்துட்டாங்க.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. மணியம் அங்கே கிடக்கிறானாம். வாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது, வாயில் ஒரு பல்லும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"பாவமா இருக்கு பெரியம்மா. என்ன இருந்தாலும் அப்பாதானே லா. கூட்டிட்டு வந்து என்கூடவே வச்சிக்கலாம்னு இருக்கேன்."

நான் அவளுக்குத் தேநீர் ஊற்றினேன்.

"மொதல்ல ஒரு நாள் இங்க கூட்டிட்டு வரேன். பன்னி சப்பை கேக்குறாரு. பல்லு இல்லல, நல்லா மெத்துன்னு இருக்கணும்."

அடுத்த வாரமே ஒரு பெட்டியோடு வந்தாள். ஸ்லோ குக்கர். உள்ளே வெள்ளைப் பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு திருகு. காலையில் போட்டு மூடிவிட்டால் எட்டு மணி நேரத்தில் எப்பேர்ப்பட்ட கறியும் வெந்துவிடும், பக்கத்தில் நிற்கக்கூட வேண்டாம் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். நீ உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்தது இந்தச் சட்டி?

சப்பைக்குப் பயந்து பயந்து செத்தவள் நீ. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நம் லயத்து ஆண்கள் நாய்களை இழுத்துக்கொண்டு தேயிலை மலைக்கு மேலே காட்டுக்குள் போவார்கள். பன்றி விழுந்தால், முதல் கடி போட்ட நாய் யாருடையதோ அவனுக்குத்தான் முன்னங்கால் தோளோடு வரும் முன்சப்பை. அது லயத்துச் சட்டம். மணியத்தின் கறுப்பு நாய்க்கு முன்னால் வேறு நாய் பாயாது. ஒருமுறை பன்றி அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது. வெளியே சரிந்த குடலைக் கையாலேயே உள்ளே தள்ளி, கோணி ஊசியால் தைத்து, தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அந்த நாயை அவன் ஒரு அடி அடித்து நான் பார்த்ததில்லை.

சப்பையைப் பத்து மணிக்குக் கொண்டுவந்து உன் காலடியில் போடுவான். இரண்டு மணிக்குக் கூட்டாளிகளோடு சம்சு சாராயப் போத்தலைத் திறந்து கொல்லைப்புறத்தில் உட்காரும்போது அது வெந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து மலை ஏறி இறங்கிய மிருகத்தின் தோள் நாலு மணி நேரத்தில் வேகுமா? வாயில் போட்டு, இரண்டு மெல்லு மெல்லித் துப்புவான்.

"வேகல."

அவ்வளவுதான் சொல்லுவான். கூட்டாளிகள் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அகப்பை, விறகுக் கட்டை, இடுப்பு வார், எது கையில் கிடைக்கிறதோ அது. பத்து வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். அடி விழும் சத்தம் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கேட்கும். உடனே எல்லா வீட்டிலும் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார்கள். அதை நாம் மரியாதை என்று நினைத்தோம். அடி வாங்குகிறவள் மறுநாள் பெரட்டில் நம்மோடு வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும், அவள் முகத்தைக் காப்பாற்றுகிறோமாம். எனக்கு முன்னால் அந்த லயத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்தேன்.

போன ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். மூன்று கிலோ சப்பை, எலும்போடு, கடைத்தெரு சீனக்கிழவரிடம் சொல்லி வாங்கியது. வீட்டுப் பன்றி, இளசு. கொழுப்புப் பக்கத்தைக் கீறி உப்பும் மஞ்சளும் மிளகும் தேய்த்து, வாணலியில் சிவக்கப் பிரட்டி ஸ்லோ குக்கருக்குள் வைத்தேன். வெங்காயம், இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், சோம்பு, இரண்டு கரண்டி கிச்சாப்பு, புளிப்புக்கு ஒரு மூடி சூக்கா. தண்ணீர் அரைக் கோப்பைதான். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும் என்று கவிதா பத்துத் தடவை சொல்லியிருந்தாள். மூடினேன். திருகைக் குறைந்த சூட்டில் வைத்தேன். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

நீயும் நானும் இதற்காக எத்தனை வித்தை பார்த்தோம். பப்பாளிக் காயை அரைத்துத் தடவினோம். சிரட்டைத் துண்டு போட்டோம். கொட்டைப்பாக்கு போட்டோம். சூக்காவில் ஊற வைத்தோம். தேயிலை மேட்டில் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளும்போதெல்லாம் இதே பேச்சு. இவ்வளவு யோசித்த இரண்டு பேரும், வேகாத கறிக்கு எதற்கு அடி என்று ஒரு நாள்கூட ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கறியைச் சரி பண்ணினால் அவன் சரியாகிவிடுவான் என்று நம்பினோம். எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாம்.

உன் இடது தோளை அவன் முறுக்கி இறக்கின வாரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கையாலேயே கொழுந்து கிள்ளினாய். கை என்னாச்சு என்று கங்காணி கேட்டதற்கு, வழுக்கி விழுந்துட்டேன் என்றாய். அன்று மேட்டிலேயே உன் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அடுத்த தடவ சுவத்துல மூணு வாட்டி தட்டு. நான் வரேன்."

"தட்டுனா வருவீங்களாக்கா?"

"வருவேன்டி."

வந்தேன். ஒரு தடவை வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் கழித்து நீ தட்டினாய். என் வீட்டுக்காரர் தடுக்கத் தடுக்க ஓடி வந்து உன் கதவைத் தள்ளினேன். உன் முடியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். நான் அவன் முதுகில் குத்தினேன். அவன் உன்னை விட்டுவிட்டுச் இடுப்பில் செருகியிருந்த பாராங் கத்தியை உருவினான். தலைக்கு வந்த வெட்டைக் கை வைத்துத் தடுத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. பதினான்கு தையல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கேட்டபோது நானும் வழுக்கி விழுந்துட்டேன் என்றுதான் சொன்னேன். அந்த லயத்தில் பொம்பளைகள் நிறையவே வழுக்கினோம்.

மறுநாள் என் கைக்கட்டைப் பார்த்து நீ அழுதாய். "இனிமே வராதீங்கக்கா. உங்களயும் கொன்னுடுவான். நான் தட்டுனாலும் வராதீங்க. ரேடியோவ வச்சிருங்க." அப்படிச் சொன்னது நீதான். இத்தனை வருடமும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கி எழுந்தேன்.

பத்து மணிக்குச் சட்டிக்குள் குமிழி விட ஆரம்பித்தது. சிங்க்குக்குக் கீழே களைக்கொல்லி போத்தல் ஒன்று இருக்கிறது, தோட்டத்துக்காரர் என் வேலியோரப் புல்லுக்கு அடிக்கக் கொடுத்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். இதில் உன்னிடம் என்ன வெட்கம். அவன் சோற்றுப் பீங்கான் தட்டில் மட்டும் கலந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். பிறகு, கவிதா தன் கையால் அவனுக்கு ஊட்டினாலும் ஊட்டுவாள், விரலை நக்குகிற பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை என்று ஞாபகம் வந்தது. போத்தலைத் திரும்ப உள்ளே வைத்தேன். அவன் உயிரோடு இருப்பதற்கு உன் மகளின் விரல்தான் காரணம்.

கறி வெந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தத் தடவை பன்றி சனிக்கிழமை சாயங்காலமே விழுந்துவிட்டது. சப்பை முதல்நாளே உன் கைக்கு வந்தது. விடியற்காலையில் நானும் வந்து உட்கார்ந்தேன். ஒரு கட்டை விறகைக்கூட அவசரப்பட்டுத் தள்ளாமல், சின்னத் தணலில், ஈரத்துணி சுற்றின மூடிக்குள் எட்டு மணி நேரம் வேக வைத்தோம். ஒரு மணிக்கு மூடியைத் திறந்து கரண்டியை வைத்தாய். எலும்பு தானாகக் கழன்று வந்தது. நாம் இரண்டு பேரும் சிரித்தோம். "இன்னைக்கு ஒண்ணும் நடக்காதுக்கா" என்றாய். குளித்து, தலை சீவி, பூப்பண்ணையில் கழித்துப்போட்ட மஞ்சள் சாமந்தி ஒன்றை வைத்துக்கொண்டாய். குடிக்கிற இடத்தில் பிள்ளை வேண்டாம் என்று கவிதாவை என் வீட்டுக்கு அனுப்பினாய்.

கூட்டாளிகளில் ஒருவன் ஒரு வாய் போட்டுவிட்டுச் சொன்னது எனக்குக் கொல்லையிலிருந்து கேட்டது. "தங்கச்சி, கறி வெண்ணெயா கரையுது."

ஆண்கள் எழுந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு மணியத்தின் குரல்.

"எனக்கு ஆக்கும்போது வேகாது. அவன் வாய்க்குன்னா கரையுதா?"

முதல் அடி சுவரில் விழுந்தது. என் வீட்டுக் கண்ணாடி ஆணியிலிருந்து கீழே விழுந்தது. எல்லா வீட்டிலும் ரேடியோ ஏறியது. கவிதாவை மடியில் இறுக்கிக்கொண்டு நானும் ஏற்றினேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு இடைவெளி வந்தது. அதில் கேட்டேன். மூன்று வாட்டி. மெதுவாக, ஆனால் எண்ணித் தட்டியது. என் கை ரேடியோத் திருகின்மேல் இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

வராதீங்கன்னு சொன்னவள் எதற்குத் தட்டினாய்? அன்று தாங்காது என்று உனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தானே? அது எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. புரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

அடுப்புத் திட்டின் சிமெண்ட் மூலையில் உன் பின்தலை அடிபட்டிருந்தது. எஸ்டேட் லோரியில் போட்டுக் கொண்டுபோனோம். மூன்றாம் வளைவு தாண்டுவதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. சாமந்தி இன்னும் முடியில் இருந்தது. போலீஸ் வந்து பத்து வீட்டிலும் கேட்டார்கள். பத்து வீட்டிலும் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னோம்.

போன ஞாயிறு ஒரு மணிக்கு அவன் வந்தான். கவிதா தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். சுருங்கிப்போய், இடது கை மார்போடு மடங்கி இருந்தான். வலது கை அப்படியேதான் இருந்தது.

"நல்லாருக்கீங்களாக்கா?" என்றான். என் கைத் தழும்பு அவன் கண்ணில் பட்டது. அது என்ன என்று தெரியாதவன் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

காது மந்தம் என்று டிவியைச் சத்தமாக வைக்கச் சொன்னான். கவிதா வைத்தாள். நான் சப்பையை எடுத்தேன். கரண்டியை வைத்ததும் எலும்பு தானாகக் கழன்றது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அதே மாதிரி. அவன் பீங்கானில் பரிமாறினேன். ஈறாலேயே மென்று நாலு வாய் தின்றான். வாயைத் துடைத்துக்கொண்டு கவிதாவிடம் சொன்னான்.

"இதாம்மா கறி. உங்கம்மாவுக்கு இப்படி வேக வைக்க ஒரு நாள்கூட வரல. நல்ல பொம்பளதான், ஆனா கைப்பக்குவம் இல்ல. வழுக்கி விழுந்து போய்ச் சேந்துட்டா, பாவம்."

நான் எழுந்து போய் டிவியை நிறுத்தினேன்.

"ஒரு நாள் வெந்துச்சு மணியம். அன்னைக்குத்தான் நீ அவள அடிச்சுக் கொன்ன."

கவிதா கரண்டியைக் கீழே வைத்தாள். "பெரியம்மா, என்ன சொல்றீங்க?"

சொன்னேன். நாயிலிருந்து தொடங்கி சிமெண்ட் மூலை வரைக்கும் நிறுத்தாமல் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். கெழவிக்குப் புத்தி பெரண்டு போச்சு என்றான். கூட்டாளி சொன்ன வார்த்தைக்கு வந்ததும் அவன் சிரிப்பு நின்றது. வலது கை சோற்றுப் பீங்கானைத் தூக்கியதை நான் பார்க்கவில்லை, அது என் காதை உரசிக்கொண்டு போய் ஜன்னலில் உடைந்தது. குழம்பெல்லாம் திரைச்சீலையில் வழிந்தது. கவிதா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசிய எதையும் விட, அந்தக் கை வந்த வேகம்தான் அவளுக்குப் புரிய வைத்தது என்று நினைக்கிறேன். தன் தோளை அவளே பிடித்துக்கொண்டாள்.

அவனை எழுப்பினாள். கொண்டுபோய்க் காடியில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, தனியாக உள்ளே வந்தாள். நான் தரையில் பீங்கான் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க எங்க இருந்தீங்க பெரியம்மா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் வாயை மூடியிருந்ததே இதற்குப் பயந்துதான். அவனைக் காப்பாற்றவா மறைத்தேன்? அவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்றுதான் மறைத்தேன்.

"சுவத்துக்கு இந்தப் பக்கம். நீ என் மடியில இருந்த. அம்மா மூணு வாட்டி தட்டுனா. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல. ரேடியோவக் கூட்டினேன்."

பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"யாரோ தட்றாங்க பெரியம்மான்னு நான் சொன்னேன்ல?"

நான் உன்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். ஆறு வயதுப் பிள்ளை, அவளுக்கா ஞாபகம் இருக்கப் போகிறது என்று தைரியமாக இருந்தேன்.

"சொன்ன."

"எலின்னீங்க."

"ஆமா."

போய்விட்டாள். மலைப்பாதையில் அவனையும் வைத்துக்கொண்டு ஒண்டியாக ஓட்டிப் போனாள். ஐந்து நாள் போன் இல்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை. மீந்த கறியை நாய்க்கும் போட மனம் வரவில்லை, குழி தோண்டிப் புதைத்தேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இனி என்னைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். அதற்குத் தகுந்தவள்தான் நான்.

நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்தது அந்த மூன்று தட்டல்தான். லயத்தை விட்டு வந்தும் அது என்னை விடவில்லை. இந்த வீட்டில் ரேடியோ கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் போய் நிற்கிறேன். இரண்டு தடவை செருப்புக்கூடப் போடாமல் ஓடி, தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் உன் கதவுக்கு நான் வரவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, கேட்கவும் இல்லை.

இன்று காலையில் போன் வந்தது.

"அவர ஹோம்லயே விட்டுட்டேன். இனிமே போக மாட்டேன்."

"சரிம்மா."

போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்க மேல கோவம் போகல பெரியம்மா. போகும்னும் தோணல."

"தெரியும்மா."

"நாளைக்கு வரேன். தட்டுனா தொறப்பீங்களா?"

தொறப்பேன் என்றேன். உனக்கும் ஒரு தடவை இப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்.